எங்கள் நூலகத்துத் திருடி

எங்கள் லைப்ரரியன் மேடம் ஒரு திருடி. இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்லிக்கொள்வார். புதிதாக வேலைக்குச் சேரும் ஆசிரியர்களிடம், "வாங்க சார், நான்தான் இங்க லைப்ரரியன், நான்தான் இங்க திருடி" என்று கைகூப்புவார். வந்தவர் திருதிருவென்று முழிப்பார். பக்கத்து மேசையில் உதவி நூலகராக உட்கார்ந்திருந்த எனக்குத்தான் மானம் போகும்.

எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டி இருந்த தனியார் பொறியியல் கல்லூரி அது. இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் துறைமுகத்துக்குப் போகக் காத்து நிற்கும் கண்டெய்னர் லாரிகள். இரண்டாயிரத்துக்குப் பிறகு மழைக்காலக் காளான் மாதிரி கல்லூரிகள் முளைத்த சமயத்தில் இதுவும் முளைத்தது. மேடம் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். அதனால் ஆள் இருக்கும்போது மேடம், ஆள் இல்லாதபோது அக்கா. காசிமேட்டுக்காரர். வீட்டில் விசைப்படகு உண்டு, அம்மா மீன் ஏலம் விடுகிறவர். நூலகவியலில் முதுகலைப் பட்டம் வாங்கியும் பேச்சை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. முதல்வர் ஒருமுறை நாசூக்காகச் சொல்லிப் பார்த்தார். "நான் பேசறது பிரியுதா இல்லியா சார்? பிரியுதுன்னா அப்பால இன்னா பேஜாரு?" என்று கேட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

எந்தப் புதுப் பொருள் வந்தாலும், எந்தப் புது ஆள் வந்தாலும், முதலில் அதை ஏமாற்றிப் பார்ப்பார். ஏமாறவில்லை என்றால்தான் நம்புவார். ஏன்க்கா இப்படி என்று கேட்டால், "செவுள தூக்கிப் பாக்காம மீனு வாங்குவியாம்மே நீ?" என்பார்.

புது வாட்ச்மேன் சேர்ந்த அன்று, மேடம் நூலகத்து மர நாற்காலி ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பெரிய கேட் வழியாகவே வெளியே நடந்தார். வாட்ச்மேன் எழுந்து நின்று சல்யூட் வைத்து, "பாத்துப் போங்க மேடம், வெயிலு ஜாஸ்தியா கீது" என்று வழியனுப்பியிருக்கிறார். பஸ் நிறுத்தத்தில் அதே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு எனக்கு ஆள் அனுப்பினார். போனால், கண்டெய்னர் லாரிப் புழுதிக்கு நடுவே மகாராணி மாதிரி வீற்றிருக்கிறார். "பாத்தியா, கேட்டு எவ்ளோ ஸ்ட்ராங்குன்னு!"

பார்கோடு வந்தபோதும் அப்படித்தான். ஒவ்வொரு புத்தகத்திலும் கோடு போட்ட சீட்டு ஒட்டி, அதைச் சிவப்பு விளக்கில் காட்டினால் கணினி புத்தகத்தை அடையாளம் கண்டு மாணவர் பேரில் எழுதிக்கொள்ளும். எங்களுக்கெல்லாம் ஒரே பெருமை. முதல்வர் பார்க்க வந்தார். மேடம் ஒரு புத்தகத்தின் கோட்டுச் சீட்டை ஜெராக்ஸ் எடுத்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டில் ஒட்டி வைத்திருந்தார். விளக்கில் காட்டினார். பீப். வெப்ப இயக்கவியல் பாடப் புத்தகம் முதல்வர் பெயரில் பதிவாகிவிட்டது. "பதினஞ்சு நாள்ல திருப்பிக் குடுத்துருங்க சார், தின்னுடாதீங்க" என்று பாக்கெட்டை அவர் கையில் வைத்தார். முதல்வர் சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியாமல் வாங்கிக்கொண்டு போனார்.

இத்தனை திருட்டுப் புத்தி இருந்தும், எங்கள் நூலகத்தில் பூட்டை வெறுத்த ஒரே ஆள் அவர்தான். நூலகத்துக்குக் குறுக்கே தரையிலிருந்து கூரைவரை இரும்புக் கம்பி வலை அடித்திருந்தார்கள். வலைக்கு இந்தப் பக்கம் மேசைகள், மாணவர்கள். அந்தப் பக்கம் அலமாரிகள், புத்தகங்கள். நடுவில் ரயில்வே டிக்கெட் கவுண்டர் போல ஒரு சந்து. மாணவர்கள் சீட்டில் புத்தகத்தின் பெயரை எழுதி அதில் நீட்ட வேண்டும். அட்டெண்டர் உள்ளே போய் எடுத்து வந்து கொடுப்பார். நான் வலைக் கட்சி. பொருள் பத்திரமாக இருக்கிறது, அடுக்கியது அடுக்கியபடி இருக்கிறது, வேறென்ன வேண்டும்?

"பேரு தெரிஞ்சவன் கேட்டு வாங்கிக்குவான். பேரே தெரியாதவன் இன்னா பண்ணுவான்?" என்பார் மேடம். "வூட்ல பாடப் புக்கத் தவுர ஒரு புக்கு கெடையாது இந்தப் பசங்களுக்கு. வியாசர்பாடிலேர்ந்து ரெண்டு பஸ்சு மாறி வர்றான், மணலிலேர்ந்து புகையில வர்றான். இங்க வந்தும் ஜெயிலுக்கு மனு போட்டாப்புல வெளிய நிக்கணுமா?" இந்த விஷயம் வந்தால் மட்டும் அவர் குரலில் விளையாட்டு இருக்காது. வலையை எடுக்கச் சொல்லி ஒவ்வொரு கல்வியாண்டும் கரஸ்பாண்டெண்ட்டிடம் போய் நிற்பார். ஒவ்வொரு கல்வியாண்டும் முகம் சிவந்து திரும்பி வருவார்.

கரஸ்பாண்டெண்ட் மணலியில் டேங்கர் லாரி ஓட்டி மேலே வந்தவர். டிரைவராகத் தொடங்கி முதலாளியாகி, கல்லூரி கட்டியவர். "கம்பிய எடுத்தா மறுநாளு அலமாரிதான்மா மிஞ்சும்" என்பதுதான் அவருடைய நிரந்தர பதில்.

அப்போதுதான் ஆய்வுக் குழு ஒன்று கல்லூரியைப் பார்க்க வருகிறது, நூலகத்தில் நவீனமாக ஏதாவது இருந்தால் நல்லது என்று யாரோ அவர் காதில் போட்டார்கள். ரேடியோ அலையில் இயங்கும் டேக் வந்தது. தாள் மாதிரி மெல்லிய ஸ்டிக்கர். உள்ளே செம்புக் கம்பிச் சுருளும் கடுகளவு சிப்பும். புத்தகத்தின் பின்னட்டைக்கு உட்புறம் ஒட்டிவிட்டால், விளக்கில் காட்டாமலே, மூடியபடியே மேசையில் வைத்தால் கணினி தெரிந்துகொள்ளும். வாசலில் இரண்டு தூண்கள். பதிவு செய்யாத புத்தகத்தோடு தாண்டினால் ஊரைக் கூட்டும். மேடம் அன்றே கரஸ்பாண்டெண்ட் அறைக்கு ஓடினார்.

"இப்ப எடுத்துர்லாமா சார் வலைய?"

"ஒரு டெர்ம் ஓடட்டும். நானே வந்து பாக்கறேன். மெஷினு சரியில்லன்னா வலை இருந்த எடத்துலயே இருக்கும், அத்தோட நீ இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது. சம்மதமா?"

"சம்மதம்" என்று சொல்லிவிட்டு வந்தார். இனி ஒரே ஒரு வாய்ப்புதான் என்று எழுதிக் கொடுத்த மாதிரியல்லவா ஆகிவிட்டது!

கோடை விடுமுறை முழுக்க ஒட்டினோம். விரல் நுனியெல்லாம் பசை. மேடம் ஒட்டிய நேரத்தைவிடத் திருடிய நேரம்தான் அதிகம். முந்தானைக்குள் வைத்து நடந்தார், தூண் கத்தியது. ஹெல்மெட்டுக்குள் வைத்தார், கத்தியது. குடைக்குள் சுருட்டினார், கத்தியது. ஒருநாள் கல்மண்டபம் பக்கத்துக் கடையில் வாங்கிய பரோட்டா பொட்டலத்தின் வெள்ளித் தாளைத் துடைத்துப் புத்தகத்தில் சுற்றிக்கொண்டு நடந்தார். தூண் வாயே திறக்கவில்லை. கருவியைப் பொருத்த வந்திருந்த கம்பெனிக்காரர், கழுத்தில் டை கட்டிய, தலை வழுக்கையான, சாதுவான மனிதர், பாவம், வெலவெலத்துப் போனார். "மேடம், உலோகம் மூடினா அலை போகாது. ஆனா யாரும் இப்படியெல்லாம் செய்ய மாட்டாங்க." "நான் செஞ்சேனே?" என்றார் மேடம்.

இதைவிடப் பெரிய தலைவலி எங்கள் பழைய மென்பொருள். புத்தகத்தை யார் எடுத்துப் போனார்கள் என்பது அதற்குத் தெரியும். ஆனால் அந்தச் சங்கதியைப் புது டேக்குக்குச் சொல்லத் தெரியாது. கல்லூரி திறந்ததும், முறையாகப் பதிவு செய்து எடுத்துப் போகிறவரையும் பார்த்துத் தூண் கத்தியது. திருவொற்றியூர்க் குப்பத்துப் பெண் ஒருத்தி, முதலாண்டு, புத்தகத்தைப் பதிந்து வாங்கி நெஞ்சோடு அணைத்தபடி வாசலைத் தாண்டினாள். கத்தியது பாருங்கள்! மொத்த அறையும் திரும்பிப் பார்த்தது. அவள் அங்கேயே புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். "நான் எடுக்கல மேடம், நான் எடுக்கல."

மேடம் பாய்ந்து வந்தார். அதே புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசலில் வெளியே போனார், உள்ளே வந்தார், திரும்பப் போனார். ஒவ்வொரு முறையும் தூண் அலறியது. "பாத்துக்கங்க எல்லாரும், நானும் திருடிதான்! இத்தப் பாத்து நம்ம ஏன் அழணும்? இதுக்கு அறிவு கம்மி, அவ்ளோதான்." அந்தப் பெண் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். பிறகு கம்பெனிக்காரர் பக்கம் திரும்பினார் மேடம். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "குத்தம் செய்யாதவளப் பாத்துக் கத்துற மெஷினு எனக்கு வேணாம் சார். உங்க மெஷினும் எங்க கம்ப்யூட்டரும் பேசிக்கிறவரைக்கும் நீங்க வூட்டுக்குப் போவக்கூடாது."

மனிதர் நிஜமாகவே தினமும் வந்து உட்கார்ந்துவிட்டார். பழைய மென்பொருளைத் தூக்கிவிட்டுப் புதியதைப் போட்டு, பழைய பதிவு எண்களையெல்லாம் ஒன்றுவிடாமல் அதற்குள் இறக்கி, பதிவு செய்த அந்தக் கணமே டேக்குக்கும் தகவல் போகும்படி செய்து முடித்தார். மேடம் தினமும் வறுத்த மீன் கொடுத்து அவரை வேலை வாங்கினார். அதன்பிறகு தூண் நியாயமாகக் கத்த ஆரம்பித்தது.

கரஸ்பாண்டெண்ட் வருகிற நாள் வந்தது. அன்று காலை கையில் பிடிக்கும் ரீடரோடு அலமாரிகளைச் சுற்றினேன். டேபிள் டென்னிஸ் மட்டை அளவு இருக்கும் அது. புத்தக வரிசையின் முதுகோரமாக நகர்த்திக்கொண்டே போனால் எது இருக்கிறது, எது இல்லை என்று திரையில் காட்டும். முன்பெல்லாம் இந்த வேலைக்குப் பரீட்சை விடுமுறை முழுவதும் போதாது. அன்று காலைச் சிற்றுண்டி வேளைக்குள் முடிந்துவிட்டது. நான்கு புத்தகங்கள் அலமாரியிலும் இல்லை, யார் பெயரிலும் இல்லை என்றது திரை. இன்றைக்குப் பார்த்தா! மேடத்திடம் ஓடினேன்.

"போய் இட்லி துன்னு" என்றார்.

அதற்குள் அட்டெண்டர் ஒரு வேலை செய்துவைத்திருந்தார். அவரும் காசிமேட்டுக்காரர்தான். புதுப் படகைக் கடலில் இறக்கும்போது அலங்காரம் செய்வார்களே, அதேபோல இரண்டு தூண்களையும் அடிமுதல் நுனிவரை பளபளவென்று வெள்ளி ஜிகினாத் தாள் சுற்றி, மேலே மாலை போட்டு, எலுமிச்சம்பழம் கட்டிவிட்டார். பார்க்க சோக்காகத்தான் இருந்தது. கரஸ்பாண்டெண்ட் வந்தார், பின்னால் முதல்வர், துறைத்தலைவர்கள். மேசையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தூண்களுக்கு நடுவே நடந்தார் கரஸ்பாண்டெண்ட்.

சத்தமே இல்லை.

திரும்பி உள்ளே வந்தார். மறுபடி போனார். மூச்! அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. "இன்னாம்மா, மெஷினு தூங்குதா?" கம்பெனிக்காரர் டையைத் தளர்த்திக்கொண்டு வயர்களை ஆட்டிப் பார்த்தார். நான் வலைக் கட்சிதான், இருந்தாலும் எனக்கு அழுகை வந்தது. இத்தனை ஆண்டு கெஞ்சியவரின் ஒரே வாய்ப்பு இப்படியா போக வேண்டும்?

மேடம் தூண்களை ஒரு பார்வை பார்த்தார். புரிந்துவிட்டது. அட்டெண்டரிடம், "யோவ் நைனா, உன் அன்புல இடி விழ" என்றபடி ஜிகினாவைப் பரபரவென்று கிழித்துப் போட்டார். எலுமிச்சம்பழம் உருண்டு முதல்வர் காலடிக்குப் போனது. "இப்ப போங்க சார்."

கரஸ்பாண்டெண்ட் காலை எடுத்து வைத்தார். அலறியது பாருங்கள், வெளியே லாரி டிரைவர்கள்கூடத் திரும்பிப் பார்த்திருப்பார்கள்! மாணவர்கள் கைதட்டினார்கள். கம்பெனிக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நூத்துக்கு நூறு சார். ஒரு புத்தகம்கூட வெளிய போக முடியாது" என்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். கரஸ்பாண்டெண்ட் தலையை ஆட்டிச் சம்மதம் சொல்ல வாயெடுக்கிறார். "பொய்யி சார்" என்றார் மேடம். நான் அவர் இடுப்பில் கிள்ளினேன். என் கையைத் தட்டிவிட்டார்.

"பொய்யின்னா?"

"நான் எத்துகினு போனேன். போன வாரம் நாலு நாளு உங்க ரூமுக்கு வஞ்சிரம் வறுத்து எடுத்தாந்தேனே, எவர்சில்வர் அடுக்கு, ஞாபகம் கீதா? மேல்தட்டுல மீனு. கீழ்த்தட்டுல புக்கு. இந்தத் தூணு நடுவுலதான் நடந்து வந்தேன். கத்தல."

கம்பெனிக்காரர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "அப்ப மெஷினு தோத்துப்போச்சு" என்றார் கரஸ்பாண்டெண்ட். குரல் கெட்டியாகிவிட்டது. "வலை இருக்கும். பேச்சு பேச்சுதான்."

"வலையும் இருந்துச்சே சார். வலை இருக்கும்போதேதான் நாலையும் எடுத்தேன். வலையும் கத்தல, பூட்டும் கத்தல, வாட்ச்மேனு சல்யூட்டு அடிச்சாரு. ஒண்ணு மட்டும் என்னப் புட்சுகிச்சு. வாங்க காட்றேன்."

ரீடரை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். கரஸ்பாண்டெண்ட், முதல்வர், துறைத்தலைவர்கள், கம்பெனிக்காரர், நான் எல்லோரும் ஊர்வலமாகப் பின்னால் போனோம். நேராகக் கரஸ்பாண்டெண்ட் அறைக்குள் நுழைந்தார். சுவரோரம் கண்ணாடி போட்ட மர அலமாரியில் கேடயங்களும் யார் யாரோ பரிசளித்த தடித் தடிப் புத்தகங்களும் இருந்தன. மேடம் ரீடரைக் கண்ணாடியோரம் நகர்த்தினார். பீப். இன்னும் கொஞ்சம். பீப், பீப். கீழ்த்தட்டில் இன்னொரு பீப்.

திரையில் நான்கு பெயர்களும் ஒவ்வொன்றாக வந்தன. காலையில் என் உயிரை எடுத்த அதே நான்கு.

கரஸ்பாண்டெண்ட் அலமாரியைத் திறந்து ஒன்றை உருவினார். கல்லூரி முத்திரை. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். "மீன் வாசனை வருதே!"

"வஞ்சிரம் சார். அன்னிக்கிக் காலைல ஏலத்துல எடுத்தது. நீங்க கை கழுவப் போனப்ப புக்க உள்ள சொருகினேன்" என்றார் மேடம். பிறகு நிதானமாகச் சொன்னார், "திருடறவன் எப்டியும் திருடுவான் சார், என்னாட்டம். அந்த ஒருத்தனுக்காக இத்தினி பசங்கள வெளிய நிக்க வெச்சிருக்கோம். முன்னாடியெல்லாம் எது போச்சுன்னு வருசக் கடைசிலதான் தெரியும். இப்ப தேடுன அன்னிக்கே தெரியுது. எங்க கீதுன்னும் காட்டுது. இதுக்கு மேல இன்னா சார் வேணும் உங்களுக்கு?"

மேடத்துக்கு மட்டும் வேலை போகுமா, இல்லை எங்கள் இருவருக்குமே போகுமா? கரஸ்பாண்டெண்ட் அந்தப் புத்தகத்தை இன்னொரு முறை முகர்ந்தார். பிறகு அவர் வயிறு குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறார்! கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"டேங்கர்ல நான் போடாத சீலா? எல்லா சீலையும் ஒடைச்சு டீசலு எடுத்தானுங்க. அப்பால டேங்குக்குள்ள அளவுக் கம்பிய வுட்டு அளவு பாத்துப் பாத்துதான் அத்த நிறுத்துனேன்" என்றார். "அளவு தெரிஞ்சா போதும்னு எனக்கே தெரியும். உங்கிட்டருந்து கேக்கணும்னு இருக்குது." முதல்வர் பக்கம் திரும்பினார். "கம்பிய அறுத்துருங்க சார்." அப்புறம் மேடத்திடம், "அடுத்த வாரம் மீனு உண்டா இல்லியா?"

அன்று பிற்பகலே ஒர்க்‌ஷாப்பிலிருந்து கேஸ் கட்டரோடு வந்தார்கள். தீப்பொறி பறக்கப் பறக்க வலை துண்டு துண்டாக விழுந்தது. ஒவ்வொரு துண்டு விழும்போதும் மேடம் படகு கரை சேர்ந்த மாதிரிக் கூவினார். ஒழிந்தது என்று நானும் கூவினேன். ஆமாம், நான்தான், வலைக் கட்சி!

மறுநாள் காலை மாணவர்கள் வந்தார்கள். வலை இருந்த இடத்தில் தரையில் ஒரு கோடு மட்டும் இருந்தது. அதை யாரும் தாண்டவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்று அலமாரிகளைப் பார்த்தார்கள். முன்னால் நின்ற ஒருவன், நெட்டையன், தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"மேடம், எத்தயெல்லாம் தொட்லாம்?"

"எல்லாத்தியும் தொடுடா" என்றார் மேடம்.

அவ்வளவுதான். திமுதிமுவென்று உள்ளே போனார்கள். இழுத்தார்கள், புரட்டினார்கள், தரையில் உட்கார்ந்தார்கள், படம் பார்த்தார்கள், பக்கத்தில் இருப்பவனைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். மெக்கானிக்கல் மாணவர்கள் விண்வெளிப் புத்தகத்துக்கு அடித்துக்கொண்டார்கள். மதியச் சாப்பாட்டு மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை. கதவருகே தூண்கள் இரண்டும் வேலையில்லாமல் நின்றுகொண்டிருந்தன.

மாலையில் எல்லோரும் போனபின் பார்த்தேன். ஐயோ! நான் எண் பிசகாமல் அடுக்கி வைத்திருந்த ஒரு வரிசைகூட வரிசையாக இல்லை. மேசை, நாற்காலி, ஜன்னல் மேடை, தரை, எங்கே பார்த்தாலும் விரித்துப் போட்ட புத்தகம். மின்னியல் அலமாரியில் கட்டடக் கலை, கட்டடக் கலை அலமாரியில் கணக்கு. நான் தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டேன். மேடம் அந்தக் குவியலுக்கு நடுவே மேசைமேல் ஏறிக் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் யார் முகத்திலும் பார்த்ததில்லை.

"அழாதம்மே" என்றார். "நாளைக்கி இன்னும் கலைப்பாங்க."